நடுச்சுவர்

கணபதிப் பகுதியில் அந்த லைன் வீடுகளை ஒரு மில்லுக்காரர் தொழிலாளிகளுக்காகக் கட்டியிருந்தார். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

ஸ்ரீனிவாஸ், தன் அம்மா இருந்த வீட்டோடு பக்கத்து வீட்டையும் வாங்கி, அம்மா இறந்த பிறகு நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிவிட்டான். பழைய செங்கல் தெரிய வைத்த அழகை வந்தவர்கள் எல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள்.

குடிவந்த அன்று, விளக்கு வைக்கிற நேரம். புது மனைவி சைத்ரா ஹாலில் தனியாக நின்றிருந்தாள். சுண்ணாம்பு வாசம் அடித்தது. வீட்டில் எங்கேயும் சுண்ணாம்பு பூசவில்லை.

டொக். டொக்.

சத்தம் நடுச்சுவர் இருந்த இடத்திலிருந்து வந்தது.

அங்கே வெறும் காற்றுதான் இருந்தது.

தினமும் அதே நேரத்தில் கேட்டது. "பைப் சத்தம்" என்றான் ஸ்ரீனிவாஸ், முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்து வீட்டில் முன்பு வாடகைக்கு இருந்த ஜெபராணி ஒரு மாலை வீட்டைப் பார்க்க வந்தாள். காபியை வாயில் வைக்கும்போது சத்தம் கேட்டது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாரேனுங்க அக்கா!"

சத்தம் நின்றது.

"யாருங்க?" என்றாள் சைத்ரா.

"உங்க மாமியாருதானுங்க அம்மணி. ஒரு பக்கம் கைகால் உழுந்து கெடந்தாங்கல்ல, எது வேணும்னாலும் செவுத்தத் தட்டுவாங்க. நான் ஓடுவேன்." ஸ்ரீனிவாஸ் பக்கம் திரும்பினாள். "என்னையக் காலி பண்ணச் சொன்னப்பவே கேட்டனே தம்பி, அக்காளுக்கு ஆரு இருக்காங்கன்னு?"

அம்மா தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விட்டாள் என்றுதான் அவன் சைத்ராவிடம் சொல்லியிருந்தான்.

அம்மாவுக்கு யாரும் இல்லை. சரவணம்பட்டி ஃபிளாட்டில் இருந்துகொண்டு, அவள் போன் செய்யும்போதெல்லாம் "நாளைக்கு வாரேம்மா" என்று சொன்ன மகன்தான் இருந்தான். காலி வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டியே அம்மா கனகம் செத்துப்போனாள். கதவை உடைத்துப் பார்த்தபோது, படுக்கை முழுக்கச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது.

மறுநாள் மாலை மறுபடியும் கேட்டது.

"நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள் சைத்ரா.

அவன் நடுச்சுவர் இருந்த இடத்தைப் பார்த்தான். "வாரேம்மா..."

ஒரு கணம் சத்தம் நின்றது.

டொக். டொக். டொக். டொக்.

வீடே அதிர்ந்தது. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவன் அம்மா நிறையக் கேட்டுவிட்டாள்.

சைத்ரா அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் இப்போது ஸ்ரீனிவாஸ் தனியாகத்தான் இருக்கிறான். காலையில் எழுந்தால் அவன் படுக்கை முழுக்கச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கிறது.