மூன்றாம் வகுப்பு மேட்டூர் அணை

காலையில் செவிலி பல் துலக்கிவிட வந்தபோது சௌந்தரி வாயை இறுக மூடிக்கொண்டாள். நாற்பத்தோரு வயதுப் பெண் தன் பல்லைத் தானே துலக்குவதா என்று செவிலிக்குக் கவலை. சனிக்கோளின் நிலவான டைட்டனில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குடியிருப்பு நிர்வாகம் ஒரு பொறிச்செவிலியைக் கொடுத்துவிடுகிறது. பால் புகட்டுவதில் தொடங்கி, தலை வாரி, சோறு பிசைந்து ஊட்டி, கடைசியில் கண்ணை மூடிவிடுவது வரை அதன் பொறுப்பு. சௌந்தரியின் செவிலிக்கு அவள் அம்மா வைத்த பெயர் அலமேலு.

"இன்னிக்கு ஒரு நாளாவது என்னை விடேன் அலமேலு. பரீட்சை இருக்கு."

"பரீட்சைக்குப் போறப்பதான் பல்லு சுத்தமா இருக்கணும் கண்ணு."

சௌந்தரியின் கணவன் கதிரேசன் மூன்று ஆண்டுகளாக வியாழனைச் சுற்றும் நிலையத்தில் வேலை பார்க்கிறான். அங்கே அடிக்கும் கதிர்வீச்சில் பொறிகளின் மூளை ஒரு மணி நேரம் தாங்காது. காற்றுக்குழாயில் ஓட்டை விழுந்தால் மனிதக் கைதான் ஒட்டியாக வேண்டும். ஆகவே அங்கே குடியேற விரும்புகிறவர்கள் கைத்திறனுக்கு அத்தாட்சியாக முதல்நிலை ராக்கெட் சான்று வாங்க வேண்டும் என்று விதி. ஆள் உயர ராக்கெட் ஒன்றைத் தன் கையாலேயே செய்து, பெரிய மோட்டார் பொருத்தி ஏவி, பாராசூட்டில் இறக்கி, உடையாமல் எடுத்துவந்து காட்ட வேண்டும். அவனிடம் போகும் கப்பல் இன்னும் நான்கு நாளில் புறப்படுகிறது. அதை விட்டால் அடுத்தது பதினோரு ஆண்டு கழித்து. சௌந்தரிக்கு அந்தக் கணக்கு தூக்கத்திலும் மறக்கவில்லை.

எட்டு மாதம் அவள் அறையைத் தாழிட்டுக்கொண்டு உழைத்தாள். முதல் மாதம் கத்தரிக்கோலைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. ஒருமுறை பசையில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு அரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே அலமேலு கதவைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

"கண்ணு, இறக்கையை மட்டும் நான் பிடிச்சுக்கட்டுமா? யாருக்கும் தெரியாது."

"வேண்டாம்."

"ஒரே ஒரு இறக்கை?"

"போய்த் தொலை அலமேலு!"

கடைசியில் மூன்று இறக்கைகள் நேராகவும் நான்காவது கொஞ்சம் கோணலாகவும் அமைந்தன. அந்தக் கோணலைத் தடவிப் பார்த்து அவள் அழுதாள். வாழ்க்கையில் அவள் கை செய்த முதல் பொருள் அது.

ஏவுதளம் மீத்தேன் ஏரிக்கரையில் இருந்தது. சௌந்தரி சூடேற்றிய உடையும் தலைக்கவசமும் அணிந்திருந்தாள். மழை இல்லாவிட்டாலும் அலமேலு அவளுக்குக் குடை பிடித்திருந்தது. பரிசோதகர் அந்தோணிசாமி தலையசைத்ததும் பொத்தானை அமுக்கினாள். ராக்கெட் லேசாகச் சாய்ந்து, சுதாரித்துக்கொண்டு, ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

டைட்டனில் ஈர்ப்பு குறைவு, காற்றோ கெட்டி. மேலே போனது இறங்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் அண்ணாந்து நிற்பதைத் தவிர அவளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. பாராசூட் விரியாவிட்டால்? ஏரியில் விழுந்தால்? பதினெட்டாவது நிமிடம் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அவளே தைத்த பாராசூட். ஏரிக்கு ஓரடி தள்ளி ராக்கெட் மெல்லப் படுத்தது. பிள்ளையை இடுப்பில் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கீறல் இல்லை.

"பிரமாதம்மா" என்றார் அந்தோணிசாமி. மனதார மகிழ்ந்தார். "இன்னும் ஒரே ஒரு சோதனைதான். சும்மா ஒரு சடங்கு."

பையிலிருந்து நடுக்கமானியை எடுத்தார். எந்த மனிதக் கையும் நடுங்காமல் இருப்பதில்லை. அந்த நடுக்கம் காய்ந்த பசையில் அப்படியே பதிந்துவிடும். ஏழு வயதில் அமையும் நடுக்கம் சாகும்வரை மாறாது என்பதால், மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் செய்யும் பள்ளி மாதிரியிலிருந்து அதை எடுத்து அரசு பத்திரப்படுத்தியிருக்கிறது. சாட்சி சொல்லச் செவிலிகளைக் கூப்பிடுவதில்லை. பாசத்தில் பொய் சொல்லிவிடும்.

மானியை இறக்கை ஒட்டிய இடத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு.

"இதை ஒட்டினது மனுஷக் கைதான்" என்றார் தயங்கி. "ஆனா உங்க கை இல்லம்மா."

"என் கைதான் சார்! எட்டு மாசம்!"

அவர் மானியின் திரையைத் திருப்பிக் காட்டினார். சௌந்தரி, மூன்றாம் வகுப்பு, மேட்டூர் அணை, முதல் பரிசு. அட்டையில் மதகுகள், நீலத்தாளில் தண்ணீர். அந்தப் பரிசுக் கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது.

சௌந்தரி திரும்பினாள். "அலமேலு, அந்த அணையை யாரு செஞ்சது?"

அலமேலு குடையைத் தாழ்த்தியது. "அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு!"

"நீ அன்னிக்கு அசந்து தூங்கிட்ட கண்ணு. எழுப்ப அம்மாவுக்கு மனசு வரலை. அவங்களே ஒட்டிட்டாங்க."

"அதான் நடுக்கக் கோடெல்லாம் ஒரு பக்கமாச் சாயுது" என்றார் அந்தோணிசாமி திரையைப் பார்த்தபடி. "வாத்தியாருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு இடது கையால ஒட்டியிருப்பாங்க. பிள்ளை செஞ்ச மாதிரிக் கோணலா வரும்." சொல்லிவிட்டு ஏனோ சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இப்பவே உங்க முன்னாடி ஒண்ணு ஒட்டிக் காட்டறேன் சார்."

"காட்டலாம். அதையும் இந்தப் பதிவோடதான் ஒப்பிடணும்."

"அப்ப பதிவை மாத்துங்க."

"மாத்தலாம்மா. இந்த அணையைச் செஞ்சவங்க நேர்ல வந்து, நான்தான் செஞ்சேன்னு கையெழுத்துப் போடணும்." அவர் தலை குனிந்தது. "என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது."

'விண்ணப்பதாரர் தாமே செய்யவில்லை' என்று படிவத்தில் எழுதினார். சௌந்தரி ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலைக்கவசத்துக்குள் வழிந்த கண்ணீரைத் துடைக்க அவள் கையாலும் முடியவில்லை, அலமேலுவின் கையாலும் முடியவில்லை.

அந்தோணிசாமி மாலையில் வீடு திரும்பியபோது அவருடைய மகள் சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். மூன்றாம் வகுப்பு. மேசைமேல் அட்டையில் செய்த பாம்பன் பாலம் பாதியில் நின்றது. நாளை காலை பள்ளியில் கொடுத்தாக வேண்டும். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் நின்றவளின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"பாப்பாவை எழுப்பட்டுமா ஐயா?" என்று அவர்கள் வீட்டுச் செவிலி கேட்டது.

அவர் மகள் பக்கம் போய்க் குனிந்தார். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

"வேண்டாம், பாவம்" என்றார். பசைக் குப்பியை எடுத்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.