நன்றியுரையில் ஒரு பெயர்

முன்னெழுதி இயந்திரத்திலிருந்து வந்து விழுந்த ஆய்வேடு இன்னும் சூடாக இருந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பவளம் எழுதி முடிக்கப்போகும் முதுகலை ஆய்வேடு அது. ஐந்து இயல்களையும் அட்டவணைகளையும் தள்ளிவிட்டு, எல்லா மாணவர்களையும் போல அவளும் முதலில் நன்றியுரையைத்தான் தேடினாள்.

அப்பா, அம்மா இருந்தார்கள். நெறியாளர் முனைவர் மெஹருன்னிசா இருந்தார். சதுப்பு நிலத்தில் படகு ஓட்டியவர்கூட இருந்தார். அமலன் இல்லை.

மறுபடியும் படித்தாள். திருமணமாகி ஏழே மாதமான கணவனின் பெயர் எங்கேயும் இல்லை.

"அருமையான ஏடும்மா," என்றார் மெஹருன்னிசா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. "அலையாத்தி விதை எப்படி சேத்துல வேர் பிடிக்குதுன்னு இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. திட்டத்துல கையெழுத்துப் போட்டுடவா?"

"வேண்டாம் மேடம். கொஞ்சம் மாத்திக் கொண்டு வர்றேன்."

"எதை மாத்தப் போற?" என்றவர் அவள் விரல் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டார். "ஓ, நன்றியுரையா! அதுக்கு மதிப்பெண்ணே கிடையாதே. உங்க செட்டே இப்படித்தான். போன வாரம் ஒருத்தன் அவன் நாய்க்குட்டி பேர் வரலன்னு வந்து நின்னான்."

பவளத்துக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னெழுதி எதிர்காலத்தைப் பார்ப்பதில்லை. மாணவரின் பழைய கட்டுரைகள், குறிப்பேடுகள், அனுப்பிய செய்திகள், அழித்துவிட்டு அனுப்பாமல் விட்ட செய்திகள் எல்லாவற்றையும் படித்து, இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டால் இவர் கடைசியில் என்ன எழுதுவார் என்று சொல்லும். வீண் ஆய்வுகளைத் தடுக்கத்தான் பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இதுவரை அது பெரிதாகப் பிசகியதில்லை.

அமலன் கடற்காற்றாலைகளில் பழுது பார்ப்பவன். வாரத்தில் நான்கு நாள் கடல், மூன்று நாள் வீடு. அவள் இரண்டு மழைக்காலம் சதுப்பில் போய்க் கிடந்தால் அந்த மூன்று நாளும் போய்விடும், ஒருநாள் அவனும் போய்விடுவான், அதனால்தான் பெயர் இல்லை என்று அவளாகவே முடிவு செய்தாள்.

"என்ன ஆச்சு உன் திட்டம்?" என்று அவன் கேட்டபோதெல்லாம், "மேடம் திருத்தம் சொல்லியிருக்காங்க," என்றாள். அவன் நம்பினான். மேடத்தைத் திட்டியபடி அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தான்.

திட்டத்தை ஒரு மழைக்காலமாகக் குறைத்து இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தாள். அமலன் இல்லை. களப்பணியை எடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திப் பார்த்தாள். இல்லை. ஒவ்வொரு ஏட்டையும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பன்னிரண்டு சேர்ந்தன.

பதிமூன்றாவது திட்டத்தில் அலையாத்தியே இல்லை. துறையின் அடித்தளத்தில் கிடந்த பழைய கடல்மட்டப் பதிவேடுகளைக் கூட்டிக் கழித்து எழுதும் வேலை. இயந்திரம் தந்த நன்றியுரையின் கடைசி வரி இது:

'இந்த ஆய்வேட்டை எழுதி முடிக்கத் தேவையான தனிமையை எனக்குத் தந்த அமலனுக்கு நன்றி.'

பவளம் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் படிக்கும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிறவன்தானே அவன்!

"அந்த முதல் ஏடு எங்க, இது எங்க," என்று முனகியபடி கையெழுத்திட்டார் மெஹருன்னிசா. "சரி, உன் இஷ்டம்."

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பவளம் காய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அமலன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். அரிசி டின் நகர்ந்திருந்தது. அவனைச் சுற்றிப் பன்னிரண்டு ஏடுகளும் நன்றியுரைப் பக்கத்தில் திறந்து கிடந்தன.

"மேடம் திருத்தம் சொன்னாங்க, இல்ல?"

"அமல், அது வந்து..."

"கல்யாணமான ஏழாம் மாசத்துலேர்ந்தே நான் போயிடுவேன்னு நினைச்சுட்டு இருந்திருக்க. நான் காபி போட்டுக் குடுத்தப்பவும் அதேதான் நினைச்சியா?"

"பயந்துட்டேன். நீ வேணும்னுதான் அலையாத்தியையே விட்டேன். பாரு, பதிமூணாவதுல உன் பேரு இருக்கு!" அவள் கைப்பையைத் துழாவினாள்.

அவன் அந்தத் தாளை வாங்கவில்லை. "உனக்கு உசுரான வேலையை எனக்காக விட்டுருக்க. எனக்கே சொல்லாம. நாளைக்கு அதுக்கும் என் மேலதான் கோவம் வரும். அந்தப் பெட்டிகிட்ட என்னைப் பத்திப் பதிமூணு தடவ கேட்டிருக்க, பவளா. எங்கிட்ட ஒரு தடவ கேட்டியா?"

மறுவாரம் அவன் கடல்மேடைக் குடியிருப்புக்கே மாற்றல் வாங்கிக்கொண்டான். சட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, பழக்கத்தில் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

அழைத்தாள், எடுக்கவில்லை. பிறகு அழைப்பதை விட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. வீட்டில் ஒரு டம்ளர் நகர்ந்தாலும் அது அவள் நகர்த்தியதாகத்தான் இருந்தது. இயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. தான் முன்பே எழுதித் தந்த ஏட்டோடு ஒப்புமை தொண்ணூற்றெட்டு விழுக்காடு என்றது இயந்திரம்.

"நன்றியுரை மட்டும்தான் பாக்கி," என்றார் மெஹருன்னிசா. "அதுல என்ன வேணா எழுதலாம். வெறுமனே விட்டாலும் விடு. யாரும் கேக்க மாட்டாங்க."

பவளம் துறை நூலகத்தில் உட்கார்ந்தாள். அப்பா, அம்மா, நெறியாளர் எழுதி முடித்தாள். அமலன் பெயரை எழுதி அழித்தாள். 'மன்னித்துவிடு' என்று எழுதினாள், ஆய்வேட்டில் அதற்கு ஏது இடம்? அழித்தாள். கோபமாக ஒன்று எழுதினாள், அது பொய்யாக இருந்தது. முன்னெழுதியின் வரி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மதியம் வரை அதனோடு மல்லுக்கட்டினாள். பிறகு, உண்மையில் அவன் தனக்குக் கடைசியாகத் தந்தது என்ன என்று யோசித்து, அதை மட்டும் ஒரே வரியில் எழுதினாள்.

திரை ஒருமுறை மின்னியது. நன்றியுரை ஒப்புமை: நூறு.

மெஹருன்னிசா படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "உன் வீட்டுக்காரர் பேரு வந்துடுச்சு பாரு! இதுக்கா அன்னிக்கு அவ்வளவு பயந்த?"

சிரித்த முகத்தோடே பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார்.