ம் கொட்டியவள்

பதிவில் இருந்தது அவள் குரல்தான். ஆனால் அது கதை சொல்லவில்லை.

"ம்..." என்றது. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு மறுபடி, "ம்... அப்புறம்?"

போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பன்னிரண்டாவது கதையின் முடிவைச் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார் ஆசிரியர். பதினொரு திகில் கதை எழுதிப் பேர் வாங்கியவள் முடிவு மறந்துபோச்சு என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அவளுக்குக் கதை வருவது மத்தியானத் தூக்கத்தில். சாப்பாடு முடிந்ததும் மகள் வாலுவைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துவிட்டு வந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடி, போனில் குரல்பதிவைத் தொடங்கித் தலையணையோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள்; திரைத்துணியின் வெயில் வாசமும் விசிறியின் கடகடப்பும் மெல்ல விலகிப்போகும்போது கதை வந்துவிடும். வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் முழுக்கதையும் மனதில் நிற்கும், சுடச்சுட எழுதிவிடுவாள். அதனால் பதிவைப் போட்டுக் கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. நேற்று மட்டும் வாசல் மணி பாதியில் எழுப்பிவிட்டது.

கடையில் இருந்த கணவனுக்குப் போன் செய்து சொன்னாள். அவன் சிரித்தான். "நான் பேசினா ஒரு ம் கூட வராது உனக்கு. தூக்கத்துல யாருக்கு இத்தனை ம் கொட்டுற?"

அவளும் சிரித்துவிட்டுத்தான் வைத்தாள். ஆனால் அந்த 'யாருக்கு' மனதை விட்டுப் போகவில்லை.

போன மாதத்துப் பதிவைத் தேடிப் போட்டாள். ம். அதற்கு முந்தையது. ம், ம், ஐயோ, அப்புறம்? எல்லாவற்றிலும் அதே அடக்கமான குரல், மடியில் படுத்துக் கதை கேட்கிற பிள்ளையின் குரல். நடுவில் இருந்த இடைவெளிகளைச் சத்தம் கூட்டிக் கேட்டாள். அங்கே பேச்சு எதுவும் இல்லை. விசிறிச் சத்தம் மட்டும் அந்தந்த இடங்களில் மங்கியது, போனுக்கும் விசிறிக்கும் நடுவே யாரோ குனிந்த மாதிரி.

பதினொரு கதையிலும் ஒரு குழந்தை. பதினொன்றிலும் மெதுவான குரலில் பேசிக்கொண்டு படுக்கையோரம் வந்து உட்காரும் ஒருவர். கடைசியில் வெறும் படுக்கை. பச்சைச் சட்டையில் அறுந்துபோன மூன்றாவது பொத்தான், கட்டிலடியில் கிடந்த ஒற்றைச் செருப்பு, இதையெல்லாம் எங்கிருந்துங்க பிடிக்கிறீங்க என்று ஆசிரியர் வியக்கும்போது, எல்லாம் கற்பனைதான் சார் என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கற்பனை என்று அவளிடம் யார் சொன்னது? நடந்ததைச் செய்தவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அவள் ம் கொட்டியிருக்கிறாள்.

நேற்றையதைக் கடைசிவரை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. வேண்டாம் என்றும் தோன்றியது. விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

"ம்... எத்தனை வயசு அதுக்கு?... ஆறா? எங்க வாலுவுக்கும் ஆறுதான்." ஒரு சிரிப்பு. அவளுடைய சிரிப்பு. "ஆமா, கதைன்னா உயிரு அவளுக்கு... இல்ல இல்ல, தனியாத்தான் தூங்குவா... பக்கத்து ரூம்தான்."

நேற்றைய வாசல் மணி. பதிவு அங்கேயே நின்றுபோயிற்று.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளியே பட்டப்பகல், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். வாலு தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. அதை அவள் சாத்துவதே இல்லை.

உள்ளே, சின்னக் குரலில், "ம்..."

தள்ளினாள்.

வாலு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. மெத்தையின் ஓரம் மட்டும் அமுங்கியிருந்தது. பெரிய ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

"அப்புறம்?" என்றாள் வாலு, தூக்கத்தில்.

கதவைப் பிடித்தபடி நின்றாள். பெற்றவளே சொல்லிக்கொடுத்துவிட்டேனே, நானே சொல்லிக்கொடுத்துவிட்டேனே.

குழந்தையின் நெற்றியில் கிடந்த முடி தானாக எழும்பியது. மெதுவாகப் பின்னால் போய்க் காதோரம் ஒதுங்கியது.

அமுங்கிய இடம் சமமாயிற்று. உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது.

வாலு கண்ணைத் திறக்காமலேயே இரண்டு கையையும் மேலே நீட்டினாள், தூக்கச் சொல்லி அம்மாவிடம் நீட்டுவது போலவே. முதலில் தோள் எழும்பியது. பிறகு இடுப்பு. கடைசியாக அந்தச் சின்னக் குதிகால்கள் இரண்டும் மெத்தையை விட்டு மேலே எழும்பின.