தடையில்லாத் தட்டு

பாளையங்கோட்டையில் தங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்த உணவகத்துக்குள் போய் உட்கார்ந்ததும், கோமதி மேசையில் பதித்திருந்த நாடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். எதிரே அவள் கணவர் இசக்கியப்பனும் வைத்தார். பலகை இரத்தத்தைப் படித்து, யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று அடுக்களைக்குச் சொல்லிவிடும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஆளைக் கேட்கிற வழக்கம் ஒழிந்து இருபது வருடமாகிறது. வீட்டு அடுப்புகூடப் பலகை ஒப்பாததைச் சமைக்காது.

இசக்கியப்பனுக்குச் சர்க்கரை; சிறுநீரகமும் மக்கர். பதினோரு வருடமாக உப்பில்லாக் கஞ்சியும் வெந்த சுரைக்காயும்தான். நாக்கு மட்டும் சாகவில்லை, பாவம். ஒரு கல்யாணத்தில் அடுத்தவர் இலையிலிருந்த ஜாங்கிரிக்குக் கை நீட்டி, கோமதியிடம் சபையறிய வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"புதுக் கடைன்னா சுரைக்காயாவது புதுசா இருக்கும்லா" என்று சொல்லித்தான் இன்று அவளைக் கிளப்பிக் கொண்டுவந்தார்.

கோமதிக்கு இரண்டு இடியாப்பமும் அவித்த காயும் வந்தன. அவருக்கு வந்ததோ நெய் மணக்கும் பரோட்டா, கிண்ணம் தளும்பச் சால்னா, இரண்டு துண்டு அல்வா!

"ஏளா, பாத்தியா! தினம் விடியக்காலம் நடந்த நடை வீண் போகல. பலகையே பாஸ் போட்டுட்டு!"

"சும்மா இருங்க. தட்டு மாறி வந்திருக்கும்."

பரிமாறும் பெண் பெனிட்டாவைக் கூப்பிட்டு, கோமதி சத்தம் போட்டாள். பெனிட்டா மணிக்கட்டுத் திரையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"மாறலம்மா. ஐயாவுக்குத் தடைநீக்கம் ஆயிருக்கு."

இசக்கியப்பன் தொடையில் தட்டிக்கொண்டு கை கழுவப் போனார். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைக் கோமதி கவனித்திருந்தாள். பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாயிட்டாவளா? உள்ளதச் சொல்லு தாயி."

"உங்களுக்குத் தெரியாதாம்மா? மூணு வாரத்துக்கு முன்னாலயே உங்க அடுப்புத்திரைக்குத் தகவல் போயிருக்கே. சமைக்கிற ஆளுக்குத்தான் மொதல்ல சொல்லுவாவ."

அடுப்புத்திரை! உப்பு கூடிவிட்டது, எண்ணெய் கூடிவிட்டது என்று ஓயாமல் நச்சரிக்கிறதே என்று அதன்மேல் கரித்துணியைத் தொங்கவிட்டு ஒரு மாதம் இருக்கும்.

"இனி குணமாக்க முடியாதுன்னு டாக்டர்மாரு முடிவு பண்ணுனாத்தாம்மா தடையை எடுப்பாவ" என்றாள் பெனிட்டா, தம்ளரைப் பார்த்தபடி. "மூணு மாசத்துக்கு மேல இருப்பாவன்னா எடுக்க மாட்டாவ."

கோமதி இடியாப்பத்தைப் பிய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. எதைத் தின்றாலும் ஒன்றுதான் என்று டாக்டர்கள் கைகழுவிய பிறகும், அந்த மூன்று வாரமும் அவருக்குக் கஞ்சியையே ஊற்றியிருக்கிறாள், பாவி. அழுகை முட்டியது. அழுதால் தீர்ந்தது. ஒரு காய்ச்சல் வந்தாலே உயில் எழுதக் காகிதம் தேடுகிற மனிதர் அவர். இது தெரிந்தால் மூன்று மாதம் மூன்று நாளாகிவிடும்.

அவர் திரும்பி வந்து சாப்பிட்டார். பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஒரு துண்டு அல்வாவை வழித்து வாயில் போட்டார். அடுத்த துண்டுக்குப் போன கை, பழக்க தோஷத்தில் நடுவழியில் நின்றது.

"இதையும் எடுக்கட்டுமாளா?"

சட்டி அல்வா முழுவதையும் அவர் முன்னால் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. குனிந்து இடியாப்பத்தையே பிய்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியப்பன் அவளை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"என்னளா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய? மொகமே சரியில்லையே. அந்தப் பிள்ள என்னத்தையும் சொல்லிச்சா?"

"அவ என்னத்தச் சொல்லுவா?" கோமதி குரலை உயர்த்தினாள். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "தடையை எடுத்துட்டாவன்னா ஆனை மாதிரி திங்கணுமோ? ஒண்ணு போதும். எடுங்க கையை!"

அவர் நெற்றி தெளிந்தது.

"அதான பாத்தேன்" என்று சிரித்தார். நல்ல பிள்ளையாகக் கையை இழுத்துக்கொண்டு, தொடாத துண்டோடு தட்டைப் பெனிட்டாவிடம் நீட்டினார்.