மஞ்சள் தண்ணீரில் கழுவிய லேப்டாப்

உயிர் போன லேப்டாப் சில்லென்று இருக்க வேண்டும். ஐப்பசி மழையில், ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்து ஓட்டு வீட்டில், மூலையில் கிடந்தது என்றால் தொட்டாலே விரல் விறைக்க வேண்டும். ஆனால் சிவரஞ்சனி அதை மடியில் வைத்தபோது வெதுவெதுவென்று இருந்தது. அம்மா அடுப்போரம் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்து சார்ஜரை எடுத்தாள்.

அவள் சேலத்தில் ஒரு சர்வீஸ் கடையில் நாள் முழுக்க லேப்டாப் கழற்றி மாட்டுகிறவள். காப்பி கொட்டியது, எறும்பு கூடு கட்டியது, எலி மூத்திரம் பெய்தது என்று அவள் பார்க்காத கண்றாவி கிடையாது. இந்தக் கேமிங் லேப்டாப்கூட அவளே பழையதாகப் பார்த்து வாங்கித் தம்பி குழந்தைவேலுக்குக் கொடுத்ததுதான். போன மாதம் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டான் பையன். விளையாடும்போது அவன் பேசுவதெல்லாம் இதில் பதிவாகியிருக்கும். கூட்டாளிகளைத் திட்டுவது, கெக்கெக்கே என்று சிரிப்பது, எல்லாம்.

அம்மா சின்னத்தாயிக்கு அந்தக் குரல் வேண்டும். காரியம் முடிந்ததிலிருந்து அவள் பாதி ஆளாகியிருந்தாள். இந்தக் காப்பித் தோட்டத்தில் தனியாகக் கிடந்து சாகாமல் சேலத்துக்கு வந்துவிடுங்கள் என்று சிவரஞ்சனி போனில் அழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள். அவன் குரலை ஒரு தரம் கேட்டுவிட்டால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால்தான் இவள் பஸ் ஏறி வந்திருக்கிறாள். சாயங்காலப் பஸ்ஸுக்குள் இந்தச் சனியனை உயிர்ப்பித்து, அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

மத்தியானத்திலேயே பனிமூட்டம் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பல்பு போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் ஓட்டின் மேல் சொட்டிக்கொண்டே இருக்க, பின்கட்டில் உரித்துப் போட்ட காப்பிப் பழத்தோலின் புளித்த வாடை வீடு முழுக்க ஏறியிருந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சார்ஜர் முள்ளைச் சொருகினாள். சார்ஜரில் எரிந்த பச்சைப் புள்ளி உடனே அணைந்தது. உள்ளே எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்றிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். சத்தமில்லை, வெளிச்சமில்லை. ஆனால் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து மெல்லிய காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. ஈரக் காற்று. மஞ்சள் வாசனை அடித்தது.

இதை என்ன பண்ணினீர்கள் என்று கேட்டாள். கதவோரம் குத்தவைத்திருந்த சின்னத்தாயி, சேறு கிடந்தது, அதனால் மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன் என்றாள். பிறகு காப்பிக்கொட்டை மூட்டைக்குள் புதைத்துக் காயவைத்தாளாம். சிவரஞ்சனி தலையில் அடித்துக்கொண்டாள். லேப்டாப்பைக் குளிப்பாட்டிய புண்ணியவதி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சேறு எப்படி வந்தது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

மேசையில் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினாள். அடிமூடி லேசில் வரவில்லை. நெம்பியதும், ஒட்டிப்போன புண்கட்டைப் பிரித்தாற்போல் ஒரு சத்தத்தோடு வந்தது. நூல் நூலாகக் கோழை இழுத்தது. வாடை மூக்கில் அறைந்தது. மஞ்சள், சீயக்காய், புளித்த காப்பித்தோல், அடியில் இறைச்சிக்கடைச் சாக்கடை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றி மேசையின் மறு ஓரத்தில் வைத்தாள். இனி இதற்குள் ஒரு பொட்டு மின்சாரம் இருக்கக்கூடாது. வழக்கப்படி மீட்டரை வைத்துப் பார்த்தாள். எண் பூஜ்யத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. தூங்குகிறவனின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல நிதானமாக, அவசரமே இல்லாமல். மீட்டர் கெட்டுவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

போர்டின் மேல் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. ஏற்காட்டு மழைக்குச் செருப்பு, பெல்ட், சாமி படம் எல்லாமே பூஞ்சை பிடிக்கும். இதுவும் பூஞ்சைதான். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள்.

அது சுருங்கியது.

கையை வெடுக்கென்று எடுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. ஸ்பிரிட் பட்டால் ரப்பர்கூடச் சுருங்கும். அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு மாதத்தில் இல்லாத தெளிச்சி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், சாயங்காலப் பஸ், சேலம். பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்க விசிறியைத் தூக்கினாள். அடியில் முடி சுற்றியிருந்தது. குட்டையாக, கறுப்பாக, ஆம்பிளை முடி. அதற்குள் வெள்ளையாக ஒன்று. குறட்டால் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள்.

நகம். வெட்டிய துண்டு இல்லை. முழு நகம், அடியில் தோலோடு.

இது எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"உம்பட தம்பி நெஞ்சு மேல, கண்ணு."

சிவரஞ்சனிக்குச் சட்டென்று விளங்கவில்லை. சின்னத்தாயி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செத்தவனுக்குப் பிரியமானதை அவனோடு குழிக்குள் வைப்பது இந்த வீட்டு வழக்கம். பெண்பிள்ளைகள் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதால் உள்ளே என்ன வைத்தார்கள் என்று சிவரஞ்சனிக்குத் தெரியாது. சித்தப்பன் சின்னராஜ்தான் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், உயிராக வைத்திருந்ததை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம் என்று. அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. பிள்ளையின் குரல் மண்ணுக்குள் கிடக்கிறதே என்று. போன வாரம் நல்ல மழையில், தோட்டத்து ஓரத்துக்குத் தனியாகப் போயிருக்கிறாள். மண்வெட்டியோடு.

"நொம்ப ஆழம் இல்ல சாமி. மண்ணு இளகிக் கெடந்துச்சு. அவந்தான் உடமாட்டேன்னுட்டான். ரெண்டு கையிலயும் கவ்வியிருந்தான். ஒவ்வொரு வெரலா பிரிச்சுத்தான் எடுத்தாந்தேன்."

சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். மத்தியானம் குடித்த டீயெல்லாம் வெளியே வந்தது. தன் கைகளைப் பார்த்தாள். விரல்களில் கோழை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. தொட்டித் தண்ணீரில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி. அவள் தூக்கி வளர்த்த பையன். அவனைத்தான் இவ்வளவு நேரம் குறட்டால் நோண்டியிருக்கிறாள். எப்படியாவது இதை எடுத்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

உள்ளே வந்தாள். விசிறி இருந்த ஓட்டையில் ஏதோ நெளிந்தது.

அட்டை. மழைக்காலத்து அட்டை, வேறென்ன? கறுத்த நுனி. வெளியே நீண்டு இப்படியும் அப்படியும் துழாவியது. இந்த மலையில் பிறந்த எந்தக் கையும் யோசிக்காமல் செய்வதைத்தான் அவள் கையும் செய்தது. அட்டைக்கென்று உப்பு முடிந்து கதவோரம் தொங்கவிட்ட துணியை அவிழ்த்து ஒரு பிடி போட்டாள்.

அட்டை சுருளவில்லை. விழவில்லை. உப்பின் மேல் புரண்டது. தட்டையாக விரிந்தது. சொரசொரப்பாக, வெள்ளை படிந்து. உப்பை ஒரு பருக்கை விடாமல் வழித்து உள்ளே இழுத்துக்கொண்டது. திரும்பவும் வெளியே வந்து, இன்னும் கேட்டு நின்றது.

நாக்கு.

ஓட்டையைச் சுற்றிப் படர்ந்திருந்தது பூஞ்சை இல்லை. ஈறு.

"வெறும் உப்பக் குடுத்தா எப்படி சாமி?" என்று சின்னத்தாயி எழுந்தாள். "இரு, சோறு கொண்டாறேன்."

அம்மா வெகு நாளைக்கப்புறம் சுறுசுறுப்பாக நடந்தாள். தட்டில் சோறும் ரசமும். மேசை முன் உட்கார்ந்து பிசைந்தாள். சிவரஞ்சனி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாங்கம்மா. வாங்க, பஸ்ஸுக்குப் போயிரலாம். உங்க கால்ல உழுகறேன்."

"நான் எங்க வர்றது கண்ணு, புள்ளையத் தனியா உட்டுட்டு?"

முதல் உருண்டை. ஓட்டை விரிந்தது. சோறு உள்ளே போனது. திரை எரியவே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து மட்டும் சத்தம் வந்தது. சளப், சளப் என்று வாயைத் திறந்து மெல்லும் சத்தம். குழந்தைவேல் அப்படித்தான் தின்பான். அக்காவிடம் எத்தனை தரம் திட்டு வாங்கியிருக்கிறான்.

இரண்டாவது உருண்டை. மூன்றாவது. ரசம் போர்டு வழியாக வழிந்து மேசையில் சொட்டியது. தட்டு காலி.

ஓட்டை மூடவில்லை. நாக்கு நீண்டு அம்மாவின் விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளை நக்கியது. அம்மா சிரித்தாள். வெறுங்கையை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். விரல்நுனி உள்ளே போனது. பிறகு கணு.

மொறுக்கென்று ஒரு சத்தம்.

தட்டில் சிவப்பாகச் சொட்டியது. சின்னத்தாயி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மெல்லத் தின்னு சாமி. ஆரும் புடுங்கமாட்டாங்க."