வெள்ளித்திரையில் ஒரு பொத்தல்

மழைக்கு ஒதுங்கத்தான் அனுசுயா அந்த மாடிப்படியில் ஏறினாள். சத்தியமாகப் படம் பார்க்க அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வேலம்பாளையத்து நிட்டிங் மெஷின்கள் எல்லாம் வாயை மூடிக் கிடந்தன. அந்த மாடியிலிருந்து மட்டும் வயலின் ஓசை கசிந்தது. எட்டிப் பார்த்தாள். இருட்டு... துணி ரோல்களின் மேல் முப்பது நாற்பது பேர். எதிர்ச் சுவரை மறைத்து வெள்ளைப் பனியன் துணி. அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகி குடையில்லாமல் ரயிலடியில் நின்றிருந்தாள். அங்கேயும் மழை!

ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தபடி கடைசி ரோலில் உட்கார்ந்தாள். ஐந்தே நிமிஷத்தில் ஊர் மறந்தது, உலகம் மறந்தது. கண்ணுக்கு மட்டும் தொழில் மறக்கவில்லை. பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஓடும் துணியில் குறை தேடிப் பழகிய கண்.

“என்னங்க, நடுவுல ஒரு கோடு வருது?” வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

புரொஜெக்டர் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “பழைய படமுங்க. பிரிண்டுல கீறல் இருக்கும். அதை நாங்க மழைன்னு சொல்லுவோமுங்க.”

“மழைன்னா அங்கிட்டும் இங்கிட்டும் பெய்யணும்ல? இது ஒரே இடத்துல நிக்குது. நீடில் லைனுங்க இது. கோளாறு உங்க துணியில!”

கொல்லென்று சிரிப்பு. விளக்கு எரிந்தது. குரலுக்குரியவன் எழுந்து போய்த் துணியைத் தடவிப் பார்த்தான். இருந்தது. மெஷினில் ஒரு ஊசி கெட்டால் துணி நெடுக விழுமே, அந்தக் கோடு. அவன் பெயர் சண்முகவேல். கீழே இருந்த மெஷின்களும் அவனுடையவை, அந்தத் துணியும் அவன் ஓட்டியது. எல்லோரும் மறந்துபோன படங்களைத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு ஞாயிறு ஊரைக் கூட்டிக் காட்டுகிற பைத்தியமும் அவனேதான்.

திரும்பினான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். கோபத்திலும் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... வாய்தான் வேறு பேசியது.

“ஏனுங்க, படம் பாக்க வந்தீங்களா, குத்தம் பாக்க வந்தீங்களா?”

சுருக்கென்றது. வீட்டில் அம்மா வெள்ளையம்மாளும் இதையேதான் கேட்கிறாள். சொந்த ஊரான சாத்தூரிலிருந்து வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் ஏதேதோ குறை சொல்லித் தட்டிக்கழித்தவள் அனுசுயா. நாலாவது ஆள் அடுத்த மாதம் வருகிறான். ‘உன் கண்ணுக்கு எவன்தாண்டி தேறுவான்?’

“மழைக்கு ஒதுங்குனது தப்புத்தான்” என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையிலேயே இறங்கி நடந்தாள்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வைராக்கியம். ஆனால் ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. அந்தப் பெண் ரயில் ஏறினாளா, இல்லையா? அதைவிடப் பெரிய யோசனை ஒன்று... குறை தெரியாமல் ஒரு முகத்தைப் பார்க்கத் தனக்கு வரவே வராதோ?

மூன்றாம் வாரம் சாப்பாட்டு நேரத்தில், தோளில் ஒரு ரோலோடு அவனே கம்பெனிக்குள் வந்து நின்றான்.

“தூரத்துல இருந்தே நீடில் லைன் கண்டுபுடிக்கற புள்ள எங்கன்னு ஆறு கம்பெனி வெசாரிச்சனுங்க.”

“எதுக்கு? சண்டை பாக்கி இருக்கா?”

“அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. கோடு என்ர துணியிலதான் இருந்துச்சு. இது புதுத் திரைங்க. மாட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒருக்காப் பாத்துட்டா...”

செக்கிங் மெஷினில் துணியை ஏற்றினாள். அடியில் விளக்கு எரிய, வெள்ளைத் துணி நகர்ந்தது. அந்த வெளிச்சம் பக்கத்தில் நின்றவன் முகத்திலும் விழுந்தது. இமைகள், மூக்கு நுனியில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சு...

“கடைசியில அந்தப் பொண்ணு ரயில் ஏறுச்சா?”

“ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க.”

“சொன்னா கொறைஞ்சா போயிருவீங்க?”

“சொன்னா நீங்க வரமாட்டீங்களே!”

துணி ஓடி முடிந்தது. ‘ஓகே’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். படம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக் கிளம்பினாள். மறுபடி அதே ரயிலடி, அதே மழை. கதாநாயகியின் முகம் திரை நிறைய வந்தபோது, கன்னத்தில் கறுப்பாக ஒரு வட்டம். மச்சமா? இல்லை... பொத்தல்! ஒரு விரல் நுழைகிற பொத்தல்!

“அம்மணி, இதுவும் மழையா?” யாரோ கத்தினார்கள். மறுபடி சிரிப்பு.

நாலு வருஷ வேலையில் அனுசுயாவின் கண்ணுக்கு ஒரு ஊசித்துளை தப்பியதில்லை. அவள் கை ஒட்டிய ‘ஓகே’...

பக்கத்து ரோலில் அவன் வந்து உட்கார்ந்தான். “பொத்தலை நேத்தே பாத்தனுங்க.”

“பெறகு ஏன் மாட்டுனீங்க? என்னைய அவமானப்படுத்தவா?”

“ஐயோ, இல்லீங்க! முப்பதடி தள்ளியிருந்த கோட்டைப் பாத்த கண்ணு, கைக்கிட்ட வந்த பொத்தலை எப்படி விட்டுச்சுன்னு... கேக்கோணும்னு இருந்துச்சுங்க. வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க.”

விளக்கு மங்கல் என்று சொல்லலாம். பசி மயக்கம் என்று சொல்லலாம். வேலையில் சம்பாதித்த பெயராவது மிஞ்சும். நாளைக்கு வருகிறவன் முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்...

“துணியை எங்க பாத்தேன்...” குரல் அவளுக்கே கேட்கவில்லை. “உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

திரையில் ரயில் வந்து நின்றது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

“பாத்து... என்ன குத்தம் கண்டுபுடிச்சீங்க?”

“ஒண்ணுகூடத் தெரியலங்க. அதான் பயமா இருக்கு.” துப்பட்டா நுனியை முறுக்கியபடி நிமிர்ந்தாள். “நாளைக்கு வாரவுகளை வரவேணாம்னு அம்மாகிட்ட சொல்லப்போறேன். ஏன்னு கேட்டா... உங்க பேரைச் சொல்லட்டுமா?”

ஓடுகிற படத்தை அப்படியே விட்டுவிட்டு அவன் எழுந்தான்.

“சொல்லுங்க. ஆனா தனியாப் போய்ச் சொல்ல வேண்டாமுங்க... நானும் கூட வர்றேன்.”