சுவருக்குள் இருந்த லென்ஸ்

மதாம் சிரானுஷ் கொண்டுவந்த மூட்டையை இரண்டு பேர் சேர்ந்துதான் மேசைமேல் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கறுப்புத் துணியை விலக்கியதும் உஸ்தாஸ் வஹ்பா தன் சோம்புக் கஷாயத்தை ஓரமாக நகர்த்திக்கொண்டார். இஸ்மத்தால் அவ்வளவு நிதானமாக இருக்க முடியவில்லை.

குடத்தின் வாயளவு அகலமான கண்ணாடி. அதைச் சுற்றிக் கனத்த பித்தளைக் குழல், பக்கத்தில் திருகும் குமிழ். குழலின் மேல்பக்கத்தில் உண்டியல் வாய்போல ஒரு பிளவு.

"இது கலங்கரை விளக்குக் கண்ணாடி, உஸ்தாஸ்!" என்றாள். அவள் பெண்கள் பள்ளியில் பௌதிகம் கற்பிப்பவள். எல்லோரும் மரியாதையாக உஸ்தாஸ் என்றழைக்கும் ஓய்வுபெற்ற வக்கீல் வஹ்பாவைத் தேடி வரும் புதிர்களுக்காக மாலை நேரங்களை ஒதுக்கிவைத்திருந்தாள்.

"கெய்ரோவுல கப்பல் எங்கேம்மா வருது?" என்றார் வஹ்பா.

மதாம் சிரிக்கவில்லை. கறுப்பு உடையின் மடியில் கைகளைக் கோத்தபடி சொன்னாள்.

"என் புருஷன் ஓஹானும் மார்திரோஸும் கூட்டா ஸ்டூடியோ வெச்சிருந்தாங்க. ரெண்டு வீட்டுப் பெண்டுகளோட வளையலை வித்துப் பாரிஸ்லேருந்து ஒரு பெரிய லென்ஸ் வரவழைச்சாங்க. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அது காணாமப் போச்சு. ஓஹான் அந்த வாரம் முழுக்க அலெக்சாண்ட்ரியாவுல இருந்துட்டு அன்னிக்குத்தான் திரும்பினார். 'நீதான் கொண்டுபோய் வித்துட்டே'ன்னு மார்திரோஸ் சொன்னான். ஊர் நம்பிருச்சு. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் கோர்ட்டு வாசல்ல பெட்டிக் கேமரா வெச்சுப் படம் பிடிக்கிற பிழைப்புதான் அவருக்கு."

"இது எங்கே கிடைச்சுது?"

"மார்திரோஸ் போன மாசம் கடையை ஒரு தையல்காரருக்கு விட்டுட்டான். அவர் இருட்டறையில அலமாரி வைக்கச் சுவரை இடிச்சார். உள்ளே மாடம், மாடத்துல இது. மார்திரோஸைக் கேட்டா, 'என்னோடது இல்லை, எங்க லென்ஸும் இல்லை, தூக்கிப் போடு'ன்னானாம். தையல்காரர் எங்க பக்கத்து வீடு. என்கிட்ட கொடுத்தார்."

அவள் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை ஓஹானுக்கு நாற்பதாம் நாள் பூசை. திருடன் பூசைக்கு யார் வருவா? சவ அடக்கத்துக்கே பாதிரியாரும் நானும்தான் நின்னோம். இது அந்த லென்ஸ்தான்னு தெரிஞ்சா, அவர் விக்கலைன்னு ஆயிடும் இல்லையா?"

அவள் போனதும் இஸ்மத் அறைக்குள் மேலும் கீழும் நடந்தாள். "ஒண்ணும் புரியலை உஸ்தாஸ். திருடுறவன் எதுக்குத் திருடறான்? விக்கிறதுக்கு. ஓஹான் திருடியிருந்தா அந்தக் கடைச் சுவருக்குள்ளேயே ஏன் வைக்கணும்? மார்திரோஸ் திருடியிருந்தா, இத்தனை வருஷம் கையெட்டும் தூரத்துல வெச்சுக்கிட்டு ஏன் எடுக்கலை? இப்ப எடுத்துக் கொடுத்தா ஏன் வேண்டாங்கிறார்?"

"நல்ல கேள்விகள்தான். பதிலை அவசரப்படுத்தாதே" என்றார் வஹ்பா.

மறுநாள் மார்திரோஸ் அவர்களைத் தன் வீட்டில் காப்பி கொடுத்து வரவேற்றார். விரல் நுனிகள் இன்னும் மருந்துக் கறையால் பழுப்பாக இருந்தன.

"கேமரா பக்கம் நான் போனதே கிடையாது. படம் பிடிக்கிறது ஓஹான். கழுவுறது, வர்ணம் பூசறது, சாமான் துடைக்கிறது எல்லாம் நான். ஈஸ்டருக்கு முன்னாடி பாலைக்காத்து அடிச்சு ஊரே மண்ணாயிடும். பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்டுக்கிட்டு ஜனங்க வரிசையா வருவாங்க. அதுக்குள்ள கடையில ஒவ்வொரு கண்ணாடியையும் கழட்டித் துடைச்சு வைக்கணும்."

"அப்போ இந்தப் பெரிய கண்ணாடி?"

"எங்களுக்கு முன்னாடி அங்கே ஒரு இத்தாலிக்காரன் காசு வாங்கிக்கிட்டுச் சுவர்ல படம் விழற படவிளக்கு காட்டிக்கிட்டிருந்தான். அவன் போட்டுட்டுப் போன ஓட்டைச் சாமான். வேணும்னா கேமராவுல மாட்டிப் பாருங்க. நடுவுல இருக்கிற மூஞ்சிகூட பாலாடை விழுந்த மாதிரி கலங்கித்தான் தெரியும்."

வஹ்பா காப்பியை முழுவதும் குடித்து, நன்றி சொல்லி எழுந்தார்.

அன்று மாலை இஸ்மத் அட்டைப் பெட்டியில் துளையிட்டு லென்ஸைப் பொருத்தினாள். பின்பக்கம் எண்ணெய்த்தாளை ஒட்டினாள். எதிர்வீட்டுப் பால்கனி தலைகீழாக விழுந்தது. குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் பாலாடைதான்.

அவளுக்கு மனது சரிந்துபோயிற்று. "அவர் சொன்னது சரிதான் உஸ்தாஸ். இது படவிளக்குக் கண்ணாடிதான் போல. பாவம் மதாம்."

"நாளைக்கு ரெண்டு பேரையும் வரச்சொல்" என்றார் வஹ்பா.

மறுநாள் மார்திரோஸைக் கண்டதும் மதாம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் அதே கோவமா, சிரானுஷ்?"

"கோவமா? நீ சாவுக்குக்கூட வராதவன். உன்மேல கோவப்பட எனக்கென்ன உறவா?"

வஹ்பா தொண்டையைச் செருமினார். "முதல்ல இது என்னன்னு பார்ப்போம். இஸ்மத், அந்தப் பிளவு எதுக்கு?"

"அடிபட்டு உடைஞ்சதுன்னு நினைச்சேன்."

"ஓரம் வழவழன்னு இருக்கு. அறுத்துச் செஞ்சது. வெளிச்சத்தைக் குறைக்கத் துளை போட்ட தகட்டை அதுவழியா இறக்குவாங்க. அது படம் பிடிக்கிறவனுக்குத்தான் வேணும். படவிளக்குக்காரன் வெளிச்சம் போதலையேன்னு தவிக்கிறவன், அவனுக்கு எதுக்கு? ஆக, இது ஆள் முகம் பிடிக்கிற லென்ஸ்."

"அப்ப ஏன் கலங்குது?" என்றார் மார்திரோஸ் வேகமாக.

"கலங்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மார்திரோஸ் பழுப்பேறிய விரல்களை மடக்கிக்கொண்டார். வஹ்பா தொடர்ந்தார்.

"இஸ்மத் பெட்டி செஞ்சு பார்த்தது நேத்து சாயங்காலம். நீங்க சொன்னது அதுக்கு முன்னாடி. தையல்காரர் பித்தளையைத்தான் காட்டினார், படத்தைக் காட்டலை. படவிளக்கா இருந்தாலும் தெளிவாத்தானே காட்டணும்? இல்லேன்னா காசு கொடுத்து யார் பார்ப்பா? இது கலங்கும்னு தெரியணும்னா, ஒரு தடவையாவது கேமராவுல மாட்டிப் பார்த்திருக்கணும்."

வஹ்பா பின்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றினார். இரண்டு கண்ணாடிகளும் அவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய பித்தளை வளையமும் துணியில் இறங்கின.

"ஓரத்தைப் பாரு இஸ்மத்."

கண்ணாடி விளிம்புகளில் பென்சில் அம்புக்குறிகள் மங்கலாகத் தெரிந்தன. "ஒண்ணு முன்பக்கம் பார்க்குது. இன்னொண்ணு... பின்பக்கம். ரெண்டும் முன்பக்கம்தானே பார்க்கணும்?" அவள் நிமிர்ந்தாள். "திருப்பிப் போட்டிருக்காங்க! உஸ்தாஸ், இது கெட்டுப்போகலை. துடைச்சுட்டு மாத்தி வெச்சுட்டாங்க."

"அதனாலதான் விக்கலை, எடுக்கவுமில்லை. உன் கேள்விக்கெல்லாம் பதில் அதுதான். இது களவே இல்லை. பண்டிகைத் துடைப்பு. துடைச்சு மாட்டிப் பார்த்தா எல்லாம் கலங்கல். வளையல் வித்து வாங்கின சாமானைக் கொன்னுட்டோம்னு ஒருத்தர் பயந்துட்டார். மறுநாள் ஈஸ்டர், வாசல்ல ஜனம். ஓஹான் வர்றதுக்குள்ள அதை மாடத்துல வெச்சுப் பூசிட்டார்."

இஸ்மத் கண்ணாடியைத் திருப்பி வைத்து, வளையத்தை இறுக்கி, பெட்டியில் பொருத்தினாள். மார்திரோஸ் அழைக்காமலேயே எழுந்து வந்து குனிந்தார். எண்ணெய்த்தாளில் எதிர்ப் பால்கனிப் பெண் தலைகீழாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியின் ஒவ்வொரு முறுக்கும் தெரிந்தது.

"நல்லாத்தான் இருந்துதா?" அவர் குரல் உடைந்தது. "இத்தனை காலமும் நல்லாத்தான் இருந்துதா?"

"ஓஹான்கிட்ட கொடுத்திருந்தா, ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல சரிபண்ணியிருப்பார்" என்றாள் மதாம். "உன்னைத் திட்டியிருப்பார். அப்புறம் சிரிச்சிருப்பார்."

"லென்ஸ் எங்கேன்னு அவன் என்னைக் கேட்டப்போ வாயில முதல்ல வந்தது 'நீதான் வித்துட்டே'ங்கிறதுதான், சிரானுஷ். ஊர் அதைப் புடிச்சுக்கிச்சு. சொன்ன சொல்லை என்னால திரும்ப வாங்க முடியலை."

"ஞாயித்துக்கிழமை வாங்கு."

"கோயில்ல நான் என்னன்னு சொல்றது?"

"அம்பு, வளையம்னெல்லாம் யாருக்கும் புரியாது. 'ஓஹான் திருடலை, நான் பொய் சொன்னேன்.' அவ்வளவுதான். கடைசி வரிசைக்கும் கேக்கணும்."

அவர் தலையசைத்தார். கதவுவரை போய்த் தயங்கி நின்றார். "யாரும் வரலைன்னா?"

மதாம் சிரானுஷ் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. வீடு வீடாப் போய்க் கூப்பிடு. உன்னை நம்பின வீடெல்லாம் எதுன்னு உனக்குத்தானே தெரியும்?"